உயிரணுவின் உப்பு வாயில்கள்

சாயத் தொழிலைப் பற்றித் திருப்பூரில் இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், கடைசியில் அது உப்பில் வந்து நிற்பதைக் கவனிக்கலாம். பருத்தித் துணியில் சாயம் பற்ற வேண்டுமென்றால் சாயத்தோடு உப்பும் சேர வேண்டும். அடர்ந்த நிறமானால் லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு இறங்கும். நிறம் துணியில் தங்கிவிட, உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியேறிவிடும். அந்த உப்பு நொய்யலில் கலந்து, 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்க்கரை விவசாயிகளின் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கிய கதையும், 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்ட கதையும் இந்த வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. ஆர்.ஓ. மெம்ப்ரேன் என்ற பெயர் நூல், சாயம், கூலி என்ற சொற்களுக்கு இணையாகப் பட்டறை முதலாளிகளின் வாயில் புழங்கத் தொடங்கியதும் இந்த உப்பால்தான். தண்ணீரைப் போகவிட்டு உப்பை மறித்து நிறுத்துகிற அந்த மெல்லிய சவ்வின் பொருட்டே சுத்திகரிப்பு நிலையங்களின் பம்புகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் சரீரத்திலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் இத்தகைய ஒரு சவ்வைப் போர்த்திக்கொண்டே ஜீவிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவே கனமுள்ள, கொழுப்பாலான அந்தச் சவ்வும் உப்பைத் தானாகக் கடக்க விடுவதில்லை. ஆனால் பட்டறைச் சவ்வுக்கும் இதற்கும் பெரிய பேதம் ஒன்று உண்டு. அங்கே உப்பு ஒரு துளியும் கடந்துவிடக் கூடாது; இங்கேயோ, இன்ன உப்பு, இன்ன கணத்தில், இன்ன அளவு என்று கணக்குத் தவறாமல் அது கடந்தே ஆகவேண்டும்; கடக்காவிட்டால் இருதயம் துடிக்காது, விரல் அசையாது, இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும் கண்ணிலிருந்து மூளைக்கு ஒரு செய்தியும் போய்ச் சேராது.

உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட அணுக்களாகப் பிரிகிறது; அவற்றுக்கு அயனிகள் என்று பெயர். உயிரணுவுக்கு வெளியே சோடியம் மிகுதியாகவும் உள்ளே பொட்டாசியம் மிகுதியாகவும் இருக்கும்படி, சவ்வில் பொதிந்த ஒரு புரதப் பம்பு ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது சரீரம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது என்றால் அதன் முக்கியத்துவம் விளங்கும். இப்படித் தேக்கி வைத்த வித்தியாசத்தைக் கண நேரத்தில் அவிழ்த்துவிடுவதற்காக, அதே சவ்வில் வேறு சில புரதங்கள் நடுவே துளையோடு அமைந்திருக்கின்றன. இவையே அயனி வாயில்கள். ஒரு வாயில் திறந்தால் விநாடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட அயனிகள் அதன் வழியே பாயும். பாய்ந்த வேகத்திலேயே மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். மனிதனின் மரபணுக்களில் ஏறத்தாழ 400 இத்தகைய வாயில்களை அமைப்பதற்கென்றே உள்ளன.

கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத இந்தத் துவாரங்களை மனிதன் அறிந்த விதம் ரசமானது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர், கடற்கணவாயின் உடலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுக்கு ஓடும் நரம்பிழையைத் தேர்ந்து, அதற்குள்ளேயே மின்கம்பியைச் செலுத்தி, நரம்பின் செய்தி என்பது முதலில் சோடியம் உள்ளே பாய்வதும் அடுத்துப் பொட்டாசியம் வெளியே பாய்வதுமே என்று 1952இல் நிரூபித்தார்கள். சர்வகலாசாலையின் கணினி அச்சமயம் உபயோகத்தில் இல்லாமையால், ஹக்ஸ்லி அந்தச் சமன்பாடுகளைக் கையால் சுழற்றும் இயந்திரத்தில் வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தார் என்பது விஞ்ஞான உலகில் இன்றும் பக்தியோடு சொல்லப்படுகிற சங்கதி. 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோதுகூட, வாயில் என்பது கணிதத்தால் ஊகிக்கப்பட்ட பொருளாகவே இருந்தது. 1976இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நேஹர், சக்மன் என்ற இருவர், நுனி சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள கண்ணாடிக் குழலைத் தவளைத் தசையின் சவ்வில் ஒட்டவைத்து, ஒற்றை வாயில் திறந்து மூடுகையில் எழும் மின்னோட்டத்தைத் தனியே பிரித்துப் பதிவு செய்தார்கள். 1998இல் அமெரிக்கரான மக்கின்னன், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய வாயிலைப் படிகமாக்கி அதன் வடிவத்தையே வெளிக்கொணர்ந்தார். பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியம் அந்தத் துளையில் புக முடியாமல் திகைத்து நிற்பதேன் என்ற நெடுநாள் விடுகதைக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

இவ்வளவு பெரிய ஞானம் வரும்வரை வைத்தியம் காத்திருக்கவில்லை. இந்தச் சாஸ்திரத்தின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமும் அதுதான். பல் பிடுங்குமுன் ஈறில் போடும் மரப்பூசி லிக்னோகெயின் 1943இல் உருவாயிற்று. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் 1938 முதல் பிரயோகத்தில் உள்ளது. இரண்டும் சோடிய வாயிலை அடைத்து வேலை செய்பவை என்பது, அவற்றைக் கண்டவர்களுக்கு அப்போது தெரியாது. ஔஷதம் முன்னே வந்து, அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்ற அறிவு பின்னே வந்து சேர்ந்தது. குணமாகிவிட்ட பிறகு காரணம் தெரிந்து என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாகச் சொல்லத் தக்கது சர்க்கரை வியாதியின் கதை. அதன் கடைசி அத்தியாயங்களில் ஒன்று நம் சென்னையிலேயே எழுதப்பட்டது.

1942ஆம் ஆண்டு, யுத்த காலத்தில், பிரான்சின் மோன்பெலியே நகரத்து வைத்தியர் ஜான்போன் என்பவர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய கந்தக மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஜுரம் குணமானதோ இல்லையோ, நோயாளிகள் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயக்கமும் நடுக்கமும் கண்டன. சிலர் மாண்டும் போனார்கள். அதே நகரத்து லூபாதியேர் இந்த விபரீதத்தை நாய்களிடம் ஆராய்ந்து, மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று கண்டார். ஆளைக் கொன்ற அந்தக் குணமே சர்க்கரை வியாதிக்கு மருந்தாயிற்று. அந்த வம்சத்தில் பின்னால் பிறந்ததுதான் கிளிபென்கிளமைடு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும், டயோனில் என்றால் நம் ஊர்களில் வயதானவர்கள் பலருக்கும் உடனே நினைவு வரும். சட்டைப் பையில் அந்தப் பட்டையை வைத்துக்கொண்டு திரிந்த தலைமுறை ஒன்று இருந்தது.

மாத்திரை கணையத்தில் எதைத் தொடுகிறது என்பது 1980களின் நடுவில்தான் தெளிவாயிற்று. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா அணுவின் சவ்வில் ஒரு பொட்டாசிய வாயில் இருக்கிறது. சாதாரணமாக அது திறந்தே இருக்கும். திறந்திருக்கும்வரை அணு அமைதியாக இருக்கும். நாம் உண்டபின் சர்க்கரை அணுவுக்குள் சென்று எரிந்து சக்தியாக மாறும்போது, அந்தச் சக்தியின் நாணயமான ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வாயிலில் வந்து ஒட்டி அதை மூடிவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற வழியின்றி அணுவின் மின்னழுத்தம் மாற, கால்சியத்துக்குரிய வேறு வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே புக, இன்சுலின் வெளியே வருகிறது. உண்ட உணவுக்கும் சுரக்கும் இன்சுலினுக்கும் இடையிலுள்ள சூட்சுமம் முழுவதும் இந்த ஒரே வாயில் மூடுவதில் அடங்கியிருக்கிறது. சர்க்கரை எரிவதோடு இவ்வாயிலுக்குள்ள சம்பந்தத்தை 1984இல் வெளியிட்டவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்போர்டின் ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் என்ற மாதரசி. டயோனில் வம்சத்து மாத்திரைகள் சர்க்கரைக்காகக் காத்திராமல் நேரே போய் அதே வாயிலை மூடிவிடுகின்றன என்பது அடுத்த ஆண்டே வெளியாயிற்று.

இங்கே நம் வட்டாரத்தவர்க்கு அவசியமான ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மாத்திரை சர்க்கரையின் அளவைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. சாப்பிட்டீர்களா இல்லையா என்ற விசாரணை அதற்குக் கிடையாது. ஏற்றுமதி தேதி நெருங்கிவிட்டது என்று ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் பனியன் கம்பெனிகளில், காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீயும் வடையுமாக மத்தியானத்தைக் கழித்துவிட்டு மிஷினில் உட்காரும் மனிதருக்கு, மாலையில் கை நடுங்கி வேர்வை கொட்டினால் அது களைப்பென்றே பக்கத்திலிருப்பவர்கள் நினைப்பார்கள். உணவில்லாத நேரத்திலும் அந்த வாயிலை மாத்திரை மூடி வைத்திருப்பதே அங்கு நடப்பது. உடனே ஒரு கைப்பிடி சர்க்கரை கொடுக்க வேண்டிய சந்தர்ப்பம் அது. சாப்பாட்டைத் தவிர்ப்பதானால் மாத்திரையை என்ன செய்வது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது விவேகம்.

இனிக் குழந்தைகளின் கதைக்கு வருவோம். பிறந்து ஆறு மாதம் நிறையுமுன்னரே சர்க்கரை வியாதி காணும் சிசுக்கள் மிகச் சிலர் உண்டு. வெகு காலம் அவர்களுக்கு இன்சுலின் ஊசியைத் தவிர வேறு கதியில்லை. பாலை எவ்வளவு குடிக்கும், எப்போது தூங்கும் என்று எவராலும் சொல்ல முடியாத மூன்று கிலோச் சிசுவுக்கு, தினம் பல தடவை ஊசி போட்டு, ஒரு சொட்டு அதிகமானாலும் சர்க்கரை சரிந்துவிடுமே என்று விழித்திருக்கும் தாயின் நிலையை வர்ணிக்க வேண்டியதில்லை. 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்து ஹாட்டர்ஸ்லியும் அவருடைய சகாக்களும், இக்குழந்தைகளில் பலருக்கும் மேலே சொன்ன பொட்டாசிய வாயிலின் மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டார்கள். கணையம் கெடவில்லை, இன்சுலினும் உள்ளே தயாராக இருக்கிறது, ஏ.டி.பி. வந்து ஒட்டினாலும் வாயில் மூட மறுக்கிறது, அவ்வளவே. அப்படியானால், ஏ.டி.பி.யால் மூடாததை மாத்திரையால் மூடினால் என்ன?

மூடிற்று. 2006இல் வெளியான ஆய்வில், இப்பிழையுடைய 49 நோயாளிகளில் 44 பேர் இன்சுலின் ஊசியை அடியோடு நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள்; ஊசியில் இருந்ததைவிடச் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு மருந்து வம்சம், ஒரு வாயிலின் பிழை தெரிந்ததனால், முன்பு யாரும் கொடுக்கத் துணியாத நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது. புதிய மருந்தொன்று தேவைப்படவில்லை. யாருக்கு எது பொருந்தும் என்ற ஞானமே தேவைப்பட்டது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் நிறுவிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் ராதா வெங்கடேசன் தலைமையிலான மரபணுப் பிரிவினர், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வைத்தியர்கள் முதலியோருடன் சேர்ந்து இந்தியச் சிசுக்களிடம் இதே தேடலை நடத்தி, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வாயிலை அமைக்கும் இரண்டு மரபணுக்களிலும், இன்சுலினின் சொந்த மரபணுவிலும் பிழைகள் அகப்பட்டன. பிழை வாயிலில் இருந்தால் மாத்திரை பலிக்கும். இன்சுலின் மரபணுவிலேயே இருந்தால் மாத்திரையால் பயனில்லை, ஊசியே தொடர வேண்டும். நோயின் லட்சணம் வெளியில் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு துளி ரத்தத்தைச் சோதித்தாலன்றி இரண்டையும் வேறு பிரிக்க இயலாது. அப்படிப் பிரித்தறிந்து ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் நம் நாட்டிலும் இன்று வளர்ந்து வருகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் சர்க்கரை கண்ட குழந்தை எதுவானாலும் மரபணுச் சோதனை செய்தே தீரவேண்டும் என்பது இப்போது வைத்திய உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. பெரியவர்களுக்குச் சாதாரணமாக வரும் சர்க்கரை வியாதி வேறு சங்கதி. இதைப் படித்துவிட்டு எவரும் தம் ஊசியை நிறுத்திவிடக் கூடாது.

அதே வாயிலுக்கு நேர் எதிரான பிழையும் உண்டு. மூடிய வாயில் திறவாமலே கிடந்தால் இன்சுலின் ஓயாமல் சுரந்து, பிறந்த குழந்தைக்கு மறுநாளே சர்க்கரை சரிந்து வலிப்பு வரும். வாயிலைத் திறக்கும் டையசாக்சைடு என்ற மருந்து சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேரும்போது இது பலருக்கு நேர்வதால், மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் சற்று அதிகமாகத் தோன்றுகிறது. இந்திய மாநிலங்களில் உறவுக்குள் மணம் செய்வது மிகுந்தவற்றில் தமிழ்நாடும் ஒன்று. சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்கும் உறவு விட்டுப்போகக் கூடாது என்பதற்கும் காரணங்கள் சொல்லப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். மூத்த குழந்தை இப்படிப் போன வீட்டில் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறலாம் என்று சொல்லவும் ஒருவர் இருக்கலாம்.

வாயில்களின் இயல்பை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களில் விஷ ஜந்துக்களுக்குத் தனி இடம் உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காட்டு நிலங்களில், கற்களை அடுக்கிய வேலியின் இடுக்கிலும் ஓலைக் கொட்டகையின் மூலையிலும் தேள் பார்க்காத மனிதர் இருக்க முடியாது. பெரிய கருந்தேளைக் கண்டு அலறுவதும் சிறிய செந்தேளை அலட்சியம் செய்வதும் நம் வழக்கம். அபாயம் இருப்பதோ சிறியதில். அந்தச் செந்தேளுக்கு 1798இல் ஃபப்ரீஷியஸ் என்ற டேனிஷ் பண்டிதர் இட்ட விஞ்ஞானப் பெயர் ‘டாமுலஸ்’. அதன் விஷத்திலுள்ள புரதங்கள் நரம்பின் சோடிய வாயிலைப் பற்றிக்கொண்டு, அது மூடவேண்டிய நேரத்தில் மூடவிடாமல் செய்கின்றன. நரம்புகள் நிறுத்தமில்லாமல் முழங்க, சரீரம் அட்ரினலின் வெள்ளத்தில் மூழ்குகிறது; வேர்த்துக் கொட்டுகிறது, கை கால் சில்லிடுகிறது, இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது. கடிபட்ட குழந்தைகள் மந்திரித்துக் கொண்டிருக்கும்போதே இப்படி இறந்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் பணிபுரிந்த ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற டாக்டர், இத்தகைய நோயாளிகளின் படுக்கையருகில் இரவுகளைக் கழித்து, 1982இல் ‘லான்செட்’ பத்திரிகையில் தம் கவனிப்புகளை எழுதினார். அட்ரினலின் வெள்ளத்துக்கு அணை போடும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்து, 1986இல் அதன் பலனையும் அதே பத்திரிகையில் அறிவித்தார். கடுமையாகக் கடிபட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்குமேல் மாண்டுகொண்டிருந்த இடத்தில் மரணம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கொஞ்சம் தாமதம் என்பது என் அபிப்பிராயம். புதுச்சேரி ஜிப்மர் வைத்தியர்கள் செந்தேள் கடித்த குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனை, பிரசோசினோடு தேள் விஷ முறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் தேறுகிறார்கள் என்று காட்டிற்று. இதற்கிடையில், நம்முடைய இதே செந்தேளின் விஷத்திலிருந்து 1990இல் அமெரிக்க மருந்தாராய்ச்சியாளர்கள் ஐபீரியோடாக்சின் என்ற ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 37 அமினோ அமிலங்களே கொண்ட அது, ஒரு குறிப்பிட்ட வகைப் பொட்டாசிய வாயிலை மட்டும் அடைத்து மற்றவற்றைத் தொடாமல் விடுவதால், உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அந்த வாயிலை அடையாளம் காணும் கருவியாகப் பயன்படுகிறது. கடலிலும் இப்படி விஷம் சேர்த்து வைத்திருக்கும் நத்தைகள் உண்டு. இந்தியக் கடலில் வாழும் கோனஸ் அமாடிஸ் என்ற நத்தையின் நஞ்சு சோடிய வாயிலைத் தாக்கும் விதத்தைக் கே. எஸ். கிருஷ்ணன், பி. பலராம் முதலிய நம் விஞ்ஞானிகள் 2003இல் விவரித்தார்கள். வேறொரு கோனஸ் நத்தையின் நஞ்சிலிருந்து பிறந்த சிகோனோடைடு, எந்த மருந்துக்கும் அடங்காத வலிக்கு முதுகுத்தண்டில் செலுத்தும் மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தேள் மனிதனுக்குச் செய்வதை மனிதன் கொசுவுக்குச் செய்கிறான். அந்தக் காரியத்தில் நம் ஜவுளி வட்டாரத்துக்கும் கணிசமான பங்குண்டு. கரூரில் பின்னப்படும் கொசுவலைகளைப் படுக்கை விரிப்புகளின் பக்கத்து வியாபாரமாக மட்டும் நினைப்பவர்கள், அவற்றில் ஒரு பகுதி பூச்சிமருந்து ஊட்டப்பெற்று ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறுவதை அறியமாட்டார்கள். இழையிலேயே கலந்துள்ள பைரித்திராய்டு என்ற அம்மருந்து, வலையில் வந்து உட்கார்ந்த கொசுவின் கால் வழியே ஏறி, அதன் சோடிய வாயிலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. கொசு துடித்து விழுகிறது. இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் என்பவர் 1970களில் வெயிலிலும் கெடாத பைரித்திராய்டுகளைச் செய்தளித்திராவிட்டால் இத்தொழிலே இல்லை. மனிதனுக்கும் சோடிய வாயில் உண்டே, அதை ஏன் இது கெடுப்பதில்லை என்று கேட்கலாம். நம் வாயில் இதற்கு அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை; நம் உடற்சூட்டில் இதன் வீரியம் குறைகிறது; நம் ஈரலும் இதைச் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் மலேரியாத் தடுப்பு முயற்சிகளால் 66 கோடிக்கும் மேற்பட்ட நோய்ச் சம்பவங்கள் தவிர்க்கப்பட்டன என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு மருந்தூட்டிய வலைகளின் பலன் என்றும் 2015இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியான கணக்கொன்று கூறுகிறது.

கொசுவும் சும்மா இருக்கவில்லை. சோடிய வாயிலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லியூசின் இருக்கவேண்டிய ஸ்தானத்தில் பினைலலனின் வந்து உட்கார்ந்துவிட்டால், வாயில் வழக்கம்போல் வேலை செய்யும். மருந்து மட்டும் அதில் பற்றாது. இந்த ஒற்றை மாற்றமுள்ள கொசுக்கள் இன்று பல தேசங்களில் பெருகிவிட்டன. மருந்தைச் செரித்துவிடும் வேறு வகைக் கொசுக்களுக்கு எதிராக அந்தச் செரிமானத்தை முடக்கும் துணைமருந்து சேர்த்த வலைகள் கரூரிலேயே தயாராகின்றன. ஆனால் வாயிலின் வடிவமே மாறிவிட்ட கொசுவிடம் அந்த உபாயம் செல்லாது. சோடிய வாயிலை விட்டு வேறிடத்தைத் தாக்கும் மருந்துக்கு மாற வேண்டியதுதான். எந்த ஊரில் எந்தக் கொசு என்று பார்த்து வலையை அனுப்பும் நிலைக்கு வியாபாரம் வந்திருக்கிறது.

வாயில்களை அறிவதால் புது மருந்து கிடைப்பதோடு, கேடான மருந்தை முன்கூட்டியே விலக்கவும் முடிகிறது. இருதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அமைதியடைவதற்குரிய ஒரு பொட்டாசிய வாயிலைச் சில மருந்துகள் தற்செயலாக அடைத்துவிடுகின்றன. துடிப்பு தாறுமாறாகி ஆள் விழுந்துவிடுவதுண்டு. தும்மலுக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் இக்காரணத்தாலேயே 1990களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்பிரைடை இந்திய அரசு 2011இல் தடை செய்தது. இன்று பெரும்பாலான புது மருந்துகள் மனிதனிடம் போகுமுன் இந்த வாயிலிடம் பரீட்சை எழுதியாக வேண்டும். பரீட்சையில் தவறி ஆய்வுக்கூடத்திலேயே மடிந்த மருந்துகளின் பெயர்களை நாம் கேள்விப்படப் போவதில்லை.

வலியின் விஷயத்தில் இந்தச் சாஸ்திரம் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பாகிஸ்தானின் வடபகுதியில், கையில் கத்தியைச் செருகிக்கொண்டும் தீக்கங்கில் நடந்தும் தெருவில் வேடிக்கை காட்டிய ஒரு சிறுவனுக்கும் அவன் உறவினர் சிலருக்கும் பிறவியிலிருந்தே வலி என்பதே தெரியாதிருந்தது; அதற்குக் காரணம் ஒரு சோடிய வாயிலின் மரபணு செயலற்றுப் போனதே என்று 2006இல் வெளியாயிற்று. அந்த வாயிலை அடைத்தால் வலியை ஒழித்துவிடலாம் என்று உலகத்தின் பெரிய மருந்துக் கம்பெனிகளெல்லாம் பணத்தைக் கொட்டின, பலன் கிட்டவில்லை. அதன் சகோதர வாயில் ஒன்றை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரை, மூளையைத் தொடாமலும் பழக்கத்துக்கு அடிமையாக்காமலும் வலியைத் தணிப்பதாக, 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதி மிதமானது முதல் கடுமையானது வரையான தற்காலிக வலிக்கு. அதற்கு அடிப்படையான முக்கியச் சோதனைகள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடமே நடந்தன.

பவர் டேபிளில் ஓவர்லாக் மிஷினுக்கு முன் நாள் முழுவதும் குனிந்திருந்து, இடுப்பில் தொடங்கிக் கால் வரை இழுக்கும் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் டெய்லரின் வலி வேறு ஜாதியைச் சேர்ந்தது. முதுகெலும்பில் நரம்பு நசுங்கி வரும் அத்தகைய வலியுள்ளவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் சுசெட்ரிஜினைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. பத்துக்கு மதிப்பெண் போட்டால், மருந்து உண்டவர்களின் வலி ஏறக்குறைய இரண்டு எண் குறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரையை உண்டவர்களின் வலியும் ஏறக்குறைய அதே இரண்டு எண் குறைந்திருந்தது. சர்க்கரை வியாதியால் நரம்பு கெட்டு உள்ளங்கால் எரிகிறவர்களிடம் அம்மருந்தைப் பெரிய அளவில் சோதிக்கும் பணி அந்த ஆண்டிலேயே தொடங்கியது.